வரை என்றால் எதுவரை

கடை பத்து மணி வரை திறந்திருக்கும் என்று பலகை சொன்னால், பத்து அடித்த பிறகு போய் நின்று சண்டை போட முடியாது. ஆனால் சேலம் வரை டிக்கெட் எடுத்தவனைச் சேலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறக்கிவிட்டால் அவன் கண்டக்டரின் சட்டையைப் பிடிப்பான். ஒரே சொல்தான். ஓர் இடத்தில் கடைசியை விட்டுவிடுகிறது, இன்னோர் இடத்தில் கடைசியையும் சேர்த்துக்கொள்கிறது. இந்தத் தகராறைத் தீர்த்துவைக்க எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

என் பெயர் தரணிதரன். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளன். மற்றவர்கள் கட்டியதை உடைத்துப் பார்ப்பது வேலை. உடைப்பது என்றால் நடுவில் போய் இடிப்பதில்லை. நடுவில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். பிழைகள் ஓரத்தில் குடியிருப்பவை. ஒன்றாம் வரிக்கு முன்னால் என்ன, கடைசி வரிக்குப் பின்னால் என்ன, பத்து முதல் ஐந்து வரை என்று தலைகீழாகக் கேட்டால் என்ன செய்யும், ஒரு வரியும் இல்லாத கோப்பில் முதல் வரியைக் கேட்டால் என்ன சொல்லும். இப்படியே கேட்டுக் கேட்டு வீட்டிலும் வாய் நிற்பதில்லை என்று என் மனைவி சுகந்தி சொல்வாள்.

எங்கள் கருவி மாற்றங்களுக்குக் கணக்கு வைப்பது. ஒரு கோப்பில் எந்த வரியை யார் எழுதினார்கள், எப்போது திருத்தினார்கள் என்று ஓரத்தில் பெயர் போட்டுக் காட்டும். முழுக் கோப்பும் வேண்டாமென்றால் இந்த வரி முதல் இந்த வரி வரை என்று எண்களைக் கொடுத்தும் கேட்கலாம். முன்பெல்லாம் நிரல் எழுதுகிறவர்கள்தான் இப்படிப்பட்ட கருவிகளை வைத்திருந்தார்கள். இப்போது மருத்துவமனைகள் இதில் மனிதர்களை வைத்திருக்கின்றன. நானும் அப்படி ஒரு கோப்பு.

மூன்று வருடங்களுக்கு முன்னால் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு லாரி என் வண்டியைத் தட்டியது. நான் பிழைத்தேன். அதற்கு முந்தைய வாழ்க்கை பிழைக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மைத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து நம்மைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். மனைவி, அம்மா, கூடப் படித்தவன், பக்கத்து வீட்டுக்காரர். சொன்னதை வரி வரியாக எழுதி, காதுக்குப் பின்னால் பதித்த ஒரு வில்லை வழியாக மூளைக்கு அனுப்புவார்கள். தூங்கி எழுந்தால் அது நினைவாகியிருக்கும். மனப்பாடம் செய்தது போலல்ல, வாசனையோடும் வெயிலோடும் நானே பட்டது போல. வரியை மட்டும் நாங்கள் கொடுக்கிறோம், மீதியை மூளை தானே வரைந்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னார்.

நிரப்பப்பட்டவர் தன் கோப்பைத் தானே திறந்து பார்க்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நல்ல விதி. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த நினைவு அம்மா கொடுத்தது என்று தெரிந்துவிட்டால், ஓடினேனா, அம்மா ஆசைப்பட்டாளா என்ற கேள்வி வந்துவிடும். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரன், ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் முகம் மாறும். ஆனால் சந்தேகம், பொறாமை எல்லாம் எனக்குப் பழக்கமில்லாத சாமான்கள். யார்மீதும் அப்படி ஒருநாளாவது இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

ஒரு புதன்கிழமை எங்கள் குழுத் தலைவி ரிஸ்வானா என்னைக் கூப்பிட்டார். மதுரைக்காரர். எதையும் சிரித்துக்கொண்டே கேட்பார், ஆனால் கேட்காமல் விடமாட்டார்.

"தரணி, ஒரு 'வரை'க்கு மூணு பக்கம் ரிப்போர்ட்டா?"

கருவியின் தமிழ் முகப்பில் 'பத்து முதல் பதினொன்று வரை' என்று கேட்டால் பத்தாவது வரியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. கடைசி எண்ணைச் சேர்க்காது. எல்லோரும் அதற்குப் பழகிப்போய், ஒரு வரி வேண்டுமென்றால் அடுத்த எண்ணையும் சேர்த்து அடிப்போம். எனக்கு அது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குப் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

"வரைன்னா கடைசியையும் சேத்துத்தான் மேடம். சேலம் வரைக்கும் டிக்கெட் எடுத்தா..."

"சேலத்துக்கு நாம அப்புறம் போவோம். நீங்க சொல்றது சரிதான். வெள்ளிக்கிழமை மாத்தச் சொல்லிர்றேன். காட்றது, அழிக்கிறது எல்லாத்துலயும் சேத்தே மாறும். ஆனா பழக்கதோசத்துல எல்லாரும் பழையபடி அடிக்கப் போறாங்க, பாத்துக்கங்க."

"நான் அடிக்க மாட்டேன் மேடம்" என்றேன்.

அன்றைக்கு மதியமே அடுத்த ஓரத்துக்குப் போனேன். கோப்பின் கடைசி வரிக்கு அப்பால் ஓர் எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? 'இந்தக் கோப்பில் இவ்வளவு வரிகள்தான் உள்ளன' என்று மரியாதையாக மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. மாதிரிக் கோப்பின் கடைசி வரியைக் காட்டிவிட்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல், வரிசையில் அடுத்திருந்த கோப்புக்குள் இறங்கிவிட்டது. அது மாதிரி இல்லை, மருத்துவமனையின் உண்மையான கோப்பு. யாரோ ஒரு பெரியவரின் தங்கச்சி கல்யாணம் என் திரையில் ஓடியது. நான் எண்ணைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தேன். கருவி கதவு திறந்து கிடந்த வீடுகள் வழியாக நடந்துகொண்டே போனது. கடைசியில் என் வீட்டு வாசலில் போய் நின்றது.

உடனே எழுந்து ரிஸ்வானாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன். வேவு பார்க்கும் எண்ணம் அப்போது சத்தியமாக இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த நினைவு ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது சுகந்தி என்ன வார்த்தை போட்டிருப்பாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் வால்பாறை போய்விட்டுத் திரும்பும் பேருந்து. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் அவளுக்குக் குமட்டுகிறது. மடியில் ஒரு ஆரஞ்சு. அதன் தோலை உரித்துத் தன் மூக்கில் ஒருதரம், என் மூக்கில் ஒருதரம் வைக்கிறாள். வளைவில் பஸ் சாயும்போது என் தோளில் சாய்கிறாள். மலை இறங்கி ஆழியாறு வந்து சாலை நேரான பிறகும் நிமிரவில்லை. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு எப்போது மனசு சரியில்லாமல் போனாலும் நான் ஏறி உட்காரும் பஸ் அது.

வால்பாறை என்று தேடியதும் வரியின் எண் கிடைத்தது. 2210 முதல் 2211 வரை என்று அடித்தேன். வழக்கம்போல் ஒரு வரி வந்தது.

'வால்பாறையிலிருந்து இறங்கும் பேருந்தில் சுகந்தி ஆரஞ்சுத் தோலை முகர்ந்தபடி என் தோளில் சாய்ந்தாள். வளைவுகள் முடிந்த பிறகும் நிமிரவில்லை.'

ஓரத்தில் பெயர்: வை. கபிலன்.

வை. கபிலன் என்று யாரையும் எனக்குத் தெரியாது. கூடப் படித்தவன் இல்லை, சொந்தத்திலும் இல்லை. முன்னிருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்த யாரோ என்று வைத்துக்கொண்டாலும், அவனைத் தேடிப் பிடித்து மருத்துவமனைக்கு யார் கூட்டி வந்தார்கள்? அந்தப் பெயரைக் கோப்பு முழுவதும் தேடச் சொன்னேன். வந்தது. 'கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையைச் சுகந்தி கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தாள்': வை. கபிலன். 'மல்லிகைப் பூவைவிட அவளுக்கு மரிக்கொழுந்து பிடிக்கும்': வை. கபிலன். 'மழைக் காலத்தில் அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும்': வை. கபிலன்.

மூக்கு நுனி. அதைப் பார்க்க எவ்வளவு கிட்டத்தில் இருக்க வேண்டும்?

வயிறு எரிகிறது என்று சொல்வது வெறும் பேச்சில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தொண்டைக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு வரை எரிந்தது. கொடுத்தவன் அவன் என்றால் பார்த்தவன் அவன்தான். அந்த பஸ்ஸில் என் இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் அவன். தோள் அவனுடையது. சுகந்தி அவன்மேல் சாய்ந்ததை அவன் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், அதை என் தலைக்குள் ஊற்றியிருக்கிறார்கள், நான் மூன்று வருடமாக இன்னொருத்தன் சந்தோஷத்தைச் சப்புக்கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சுகந்தி கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே நடந்த ஏதோ வேடிக்கையை யாரோ அனுப்பியிருக்க வேண்டும்.

"ஏனுங்க, மொகமே சரியில்ல? காப்பி போடட்டுமா?"

"யாரு மெசேஜ்?"

அவள் சிரிப்பு நின்றது. ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். பயந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பயப்படுகிறாள் என்றால் காரணம் இருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன்.

"நூலகத்துல கூட வேல பாக்கறவங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் விதியை மீறியதைச் சொல்ல வேண்டும். அதைவிட, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று அந்த பஸ் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முன்பு நானாக ஏறிய பஸ், இப்போது அதுவே வந்து என்னை ஏற்றிக்கொண்டது. ஆரஞ்சு வாசனை வந்தால்கூடப் பல்லைக் கடித்தேன்.

திங்கட்கிழமை அதே வழியில் என் கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். 2210 முதல் 2211 வரை. அழி. அழிப்பதற்குக் காரணம் எழுதாமல் கருவி விடாது. அதுவும் கோப்பின் கடைசி வரியாக எழுதியவர் பெயரோடு சேர்ந்துகொள்ளும். எழுதினேன்: 'இது என் நினைவு அல்ல. என் மனைவி வேறொருவனோடு போன பயணம்.'

மறுநாள் எழுந்தபோது பஸ் இல்லை. வால்பாறை என்பது வரைபடத்தில் உள்ள ஓர் ஊர். திரையில் வாசித்த வாசகம் மட்டும் ஞாபகம் இருந்தது, செய்தித்தாளில் படித்த யாரோ இரண்டு பேரின் சமாச்சாரம் போல. எரிச்சல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது வில்லையில் இல்லையே, அது எனக்கே சொந்தமாக முளைத்தது. முன்பாவது அந்தத் தோள் என்னுடையது என்று ஒரு பக்கம் மனசு வாதாடிக்கொண்டிருந்தது. இப்போது வாதாடவும் ஆளில்லை.

அன்று மாலை ரேஸ்கோர்ஸில் நடக்கப் போனோம். ஒரு சுற்று முடிந்ததும் சுகந்தி கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எதிரில் சுண்டல் வண்டிக்காரர் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனித் தாங்காது என்று தோன்றியது.

"கபிலன் யாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

அவள் சுண்டல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகந்தி, கபிலன் யாருன்னு கேட்டேன்."

பதில் இல்லை. முகத்தில் ஓர் அசைவு இல்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் கல்லாகிவிட்டாள் என்று நினைத்தேன். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? "அவனோட வால்பாறை போனியா, இல்லியா?" என்றேன்.

அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டே தற்செயலாகத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏனுங்க, எதாச்சும் சொன்னீங்களா? ஏன் இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க?"

"எந்தப் பக்கம் உக்காந்தா என்ன?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"என்ற எந்தக் காது கேக்காது, சொல்லுங்க பாக்கலாம்?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு காது கேட்காது என்பதே தெரியவில்லை. மூன்று வருடங்களில் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. கோப்பில் அதைச் சொன்ன ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அந்த வரிதான் என்னை எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் நடத்தியிருக்கிறது, இடப்பக்கம் உட்காரவைத்திருக்கிறது. வரி போனதும் நான் பாட்டுக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, கேட்காத காதில் கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

2211. வெள்ளிக்கிழமை மாற்றியிருந்தார்கள். வரை என்றால் கடைசியையும் சேர்த்துத்தான். நானே மூன்று பக்கம் எழுதிக் கேட்டு வாங்கியது.

"ஒரு வரிய அழிச்சேன்" என்றேன். "கூட இதுவும் போயிருச்சு."

"யாரு குடுத்த வரி?"

"கபிலன்."

"அது யாருங்க?"

நடிக்கிறாளா என்று அப்போதும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். பதிவுப் பிரிவு என்ற பலகையில் நடுவிலிருக்கும் 'ப்' மட்டும் வேறு மையில், நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. உள்ளே வசுமதி என்ற அம்மாள் இருந்தார். வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் கொடுத்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கோப்பை எப்படித் திறந்தேன் என்று கேட்டார். கடைசி வரிக்கு அப்பால் போன கதையைச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். இனி அது எங்கள் அலுவலகத்துக்குப் போகும், என் வேலையும் போகும். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

"ரெண்டு வரிங்க" என்றார் வசுமதி திரையைப் பார்த்து. "ரெண்டும் மேடம் குடுத்ததுதான். ஒரு கையெழுத்துப் போதும்."

"முதல் வரி கபிலன் குடுத்தது" என்றேன்.

"யாரு, நம்ம கபிலன் ஐயாவா?" வசுமதி சிரித்துவிட்டார். "அவரு இங்க பிழைதிருத்தறவரா இருந்தாருங்க. போன வருசம் ரிட்டயர் ஆயிட்டாரு. ஒத்து எழுத்து விட்டுப்போனா அவருக்குச் சோறு எறங்காது. இங்க பாருங்க, மேடம் சொன்னதை எழுதுன புள்ள 'ஆரஞ்சு தோல்'னு அடிச்சிருக்குது. ஐயா ஒரு 'த்' போட்டிருக்காரு. 'பட்டு புடவை'க்கு ஒரு 'ப்'. 'மல்லிகை பூ'வுக்கு ஒரு 'ப்'. கடைசியா கை வெச்சவங்க பேருதானுங்களே மொதல்ல நிக்கும். ரிட்டயர் ஆன அன்னிக்குக்கூட வாசல் போர்டுல ஒரு 'ப்' எழுதிட்டுத்தான் போனாரு."

வசுமதி திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எழுத்துத் திருத்தத்த ஒதுக்குன்னு ஒரு கட்டம் இருக்குமே. அத டிக் பண்ணிப் பாத்திருந்தா மேடம் பேரு வந்திருக்குமே. நீங்க இதுலயே வேல பாக்கறவரு, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெரியும். அந்தக் கட்டத்தைச் சோதித்து, சரியாக வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். புதன்கிழமை மதியம் அதை டிக் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பெயர் கிடைத்தது, அது போதுமாக இருந்தது.

"மேடம், அழிச்சதுக்கு ஐயா ஒரு காரணம் எழுதியிருக்காருங்க. அதப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடோணும்" என்று வசுமதி திரையைச் சுகந்தி பக்கம் திருப்பினார். அப்போது மின்சாரம் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை. சுகந்தி படித்தாள். சின்ன வரிதான், ஆனால் வெகுநேரம் படித்தாள். பிறகு விரலை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வசுமதிக்கு என்ன புரிந்ததோ, ஏதோ காகிதம் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"ஒரு 'த்'தைப் பாத்தா நீங்க சந்தேகப்பட்டீங்க?" என்று சுகந்தி கேட்டிருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் இன்னும் நல்லது. அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்கன்னு இந்த ரூம்லதான் உக்கார வெச்சுக் கேட்டாங்க. எல்லாம் சொன்னேனுங்க. கோவக்காரருன்னு சொன்னேன். உப்புக் கொறஞ்சா மூஞ்சி மாறும்னுகூடச் சொன்னேன். ஒண்ண மட்டும் சொல்லல."

"என்ன?"

"போன் அடிச்சா யாருன்னு கேப்பீங்க. கண்டக்டர் சில்லற குடுக்கறப்ப வெரல் பட்டுச்சான்னு கேப்பீங்க. நான் யாரையாச்சும் பாத்துச் சிரிச்சா அன்னிக்கு வீட்ல சோறு ஆகாது. ஒருக்கா என்ற போனத் தண்ணித் தொட்டியில போட்டீங்க. உங்க அம்மாவுக்குத் தெரியாது. உங்க சிநேகிதங்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். அதனால நான் சொல்லலீன்னா அது இல்ல." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதையும் மறுபடி உங்க தலைக்குள்ள வெக்கோணுமான்னு தோணுச்சுங்க. தப்போ என்னமோ. மூணு வருசம் நிம்மதியா இருந்தேன்."

என்னிடம் கேட்காமல் என்னைத் திருத்தியிருக்கிறாள். கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது கோபம் இல்லை. என் மனைவி மூன்று வருடங்களாக ஒருவனோடு நிம்மதியாக இருந்திருக்கிறாள். கேள்வி கேட்காதவன், அவளுடைய சிரிப்பைப் பார்த்து வயிறெரியாதவன். அவளே எழுதிக்கொண்டவன். அவன் நான் இல்லை. அவன் போன புதன்கிழமை போய்விட்டான். அவனை நினைத்து அவள் அழுகிறாள் என்று புரிந்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவன்மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

"அன்னிக்கு யாரு மெசேஜ்னு கேட்டீங்க பாருங்க" என்றாள் சுகந்தி. "அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்க வந்துட்டீங்கன்னு."

வசுமதி திரும்பி வந்தார். ரெண்டு வரியும் இன்று ராத்திரி தூக்கத்தில் சேர்ந்துவிடும் என்றார். பிறகு தயங்கி, "கடைசி வரி, அந்தக் காரணம், அது கோப்புல கெடக்கோணுமுங்களா? மேடம் சரின்னா எடுத்துரலாம். எழுதுன வரியோட அந்த நெனப்பும் ஒட்டிக்குமுங்க, எடுத்துட்டா ஐயாவுக்கு எதுக்காக அழிச்சோம்னே இருக்காது. சந்தேகப்பட்டதே இருக்காது" என்றார்.

எடுத்துவிடு என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பேன். அவள் அந்த வரியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என் பெயர் இருந்தது.

"இருக்கட்டுமுங்க" என்றாள். "இத்தன வரியில அது ஒண்ணுதான் அவரே எழுதுனது."

வெளியே வந்தோம். சாலையோரமாகப் பேருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டும். வரி இன்னும் தலைக்குள் ஏறவில்லை என்றாலும், இப்போது தெரியும் என்பதால், சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு இடப்பக்கம் சேர்ந்துகொண்டேன். அவள் நின்றாள்.

"அந்தப் பக்கம் வாங்க."

"அந்தக் காது கேக்காதே?"

"தெரியுமுங்க. கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே நடங்க."

வலப்பக்கம் போனேன். இரண்டு பேரும் நடந்தோம். லாரி ஒன்று கடந்து போனது, பள்ளிக்கூட வேன் ஒன்று கடந்து போனது.

"எது வரைக்கும்?" என்று கேட்டேன்.

அவள் முன்னால் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தாள்.